சட்டைப் பையில் ஒரு ஃபியூஸ்

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை, காலை ஆறு ஐம்பது. நெய்வேலி நகரியத்தில் பேருந்தைவிட்டு இறங்கியபோது பனி விலகவில்லை. எதிரே நின்ற ஆட்டோவின் மஞ்சள் நிறம் தெரிந்தது, ஆட்டோ தெரியவில்லை. ஆனால் வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. மைத்துனன் குவார்ட்டர்ஸ் போய்ச் சேரும்வரை தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டே போனேன். எரிந்தவை எழுபத்து நான்கு, எரியாதவை இரண்டு. காரைக்குடியில் எங்கள் தெருவில் இந்த விகிதம் ஏறக்குறைய தலைகீழ்.

"இன்னும் பையைக்கூட இறக்கல, அதுக்குள்ள ஆடிட்டா?" என்றாள் என் மனைவி சரோஜா. தணிக்கைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அவள் மடியில் ஒரு நீலப் பை இருந்தது. அதை யாரிடமும் தரமாட்டாள். தூங்கும்போது அவளுக்கு மூச்சு நின்று நின்று வரும். அதற்காக இரவு முழுவதும் மூக்கில் ஒரு மூடியை மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். பைக்குள் இருக்கும் இயந்திரம் அந்த மூடி வழியாகக் காற்றைத் தள்ளும். மின்சாரம் நின்றால் இயந்திரமும் நின்றுவிடும். நான்கு வருடத்துக்கு முன் தேவகோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படித்தான் ஆயிற்று. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. விடியும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டையும், மின்சாரம் நிற்காத இந்த நெய்வேலியையும் தவிர வேறெங்கும் படுத்ததில்லை. கல்யாணங்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவோம். தூரத்துக் கல்யாணங்களுக்கு மொய் மட்டும் போகும்.

இந்த நிலையில்தான் அவள் தம்பி மனோகரிடமிருந்து போன் வந்தது. சுரங்கத்தில் மெக்கானிக்கல் பிரிவில் பெர்மனென்ட் வேலை அவனுக்கு, ஜூனில் ஓய்வு. பாண்டிச்சேரியில் யாரோ விற்ற ஒரு கேரவனை வாங்கியிருக்கிறானாம். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, இரண்டு சக்கரம் வைத்த படுக்கை அறை. அடுப்பு உண்டு, ஜன்னல் உண்டு, மின்சாரம் மட்டும் இல்லை. "பேட்டரி ஒண்ணு போட்டுட்டா அக்காவ தைப்பூசத்துக்கு வடலூர் கூட்டிட்டுப் போலாம் அத்தான். ராத்திரி அங்கயே படுத்துக்கலாம்" என்றான். பேட்டரிச் செலவு என்னுடையது என்று நான்தான் சொன்னேன். நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்றும் சொன்னேன்.

வடலூர் நெய்வேலியிலிருந்து எட்டும் தூரம்தான். ஆனால் பூசத்து முந்தின மாலையிலிருந்து வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், வெளியேயும் எடுக்க முடியாது. அறை கிடைக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை. விடியற்காலை முதல் ஜோதியைப் பார்க்க வேண்டுமானால் அங்கேயே படுத்தாக வேண்டும்.

"ஒரு ராத்திரி. இதுவும் நடக்கலைன்னா, இனிமே எங்கயும் போகணும்னு நான் கேக்கவே மாட்டேன்" என்று சரோஜா பேருந்தில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மகளின் பிரசவத்துக்காக மனோகரின் மனைவி சென்னை போயிருந்தாள். வீட்டில் அவன் ஒருவன்தான். ஐந்து மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆள் இல்லாத அறைகளில் மூன்று. நான் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனேன், அவன் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தான். "இங்க கரண்ட் போகாது அத்தான். போச்சுன்னா அதுதான் நியூஸ்" என்றான். கேன்டீனிலிருந்து பொங்கலும் வடையும் வாங்கி வைத்திருந்தான். வடை நன்றாக இருந்தது. பொங்கலில் ஆளுக்கு ஏழெட்டு முந்திரி. முந்திரி விளையும் மண் என்பது அதிலேயே தெரிந்தது.

கேரவன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. எங்களுக்கு ஓட்டிக் காட்டுகிறேன் என்று மனோகர் ஜீப்பில் ஏறிப் பின்னால் எடுத்தான். ஸ்டியரிங்கை அவன் ஒரு பக்கம் ஒடித்தால் கேரவன் மறு பக்கம் போகிறது. நான்காவது முயற்சியில் பக்கத்துக் குவார்ட்டர்ஸின் செம்பருத்தி வேலி சாய்ந்தது. உள்ளேயிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தார்: "மனோகர் சார், எதுனா மிச்சம் வைங்க!"

பத்து மணிக்கு மெயின் பஜாரில் ஷாஜகான் பாய் கடைக்குப் போனோம். பேட்டரி, இன்வெர்ட்டர் விற்கும் கடை. "கரண்ட் பண்ற ஊர்ல இன்வெர்ட்டர் கடை போடறேன்னதும் எங்க வாப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு சார்" என்றார் பாய். "டவுன்ஷிப் ஆளு ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்க. எனக்குப் படியளக்கறது சுத்துப்பட்டு கிராமம்தான். அங்கதான அடிக்கடி கரண்ட் போகுது!"

கணக்கை நான் ஊரிலேயே போட்டு வைத்திருந்தேன். இயந்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டால் இரவுக்கு முந்நூறு வாட்-மணி போதும். சின்ன விசிறிக்கு நூற்றைம்பது, விளக்குக்கு முப்பது. நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் இருக்கும். இரண்டு இரவு தாங்கும். இன்வெர்ட்டரே வேண்டாம், அது வீணாகக் கொஞ்சம் தின்றுவிடும். இயந்திரத்துக்கு நேராகப் பன்னிரண்டு வோல்ட் கொடுக்கும் ஒயரை வரவழைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தேன். பாய் முழுவதும் கேட்டுவிட்டு, "கடைக்கு வேலைக்கு வர்றீங்களா சார்?" என்றார். இரண்டாயிரம் குறைத்தார். நான் மூவாயிரம் கேட்டிருந்தேன்.

பேட்டரியிலிருந்து கிளம்பும் கனத்த ஒயரில் ஒரு நூறு ஆம்பியர் ஃபியூஸ் வைக்க வேண்டும். விரல் நீளத் தகடு, இரண்டு போல்ட் வைத்து முடுக்குவது. எங்காவது ஒயர் உரசினால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். "இந்த சைஸ் இங்க யாரும் கேக்கறதில்ல. ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்று பாய் எடுத்துக் கொடுத்தார். ஒன்றுக்கு ஒன்று சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். இரண்டாவது எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேலைக்கு மனோகர் ஏற்பாடு செய்திருந்தது ஏழுமலையை. சேத்தியாத்தோப்புக்காரர், நாற்பது வயதிருக்கும், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீசியன். ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளில் வந்து கேரவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, டப்பா மாதிரி கீது. இதுலயா அக்கா படுக்கப் போறாங்க?"

"நீங்க கரண்ட் குடுத்தா டப்பா. குடுக்கலைன்னா தகரம்" என்றாள் சரோஜா. அதிலிருந்து அவர்கள் இருவரும் சிநேகம்.

நான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்துவிட்டேன். எந்த ஒயர் எங்கே போகிறது, எத்தனை திருகு, எது பாசிட்டிவ் என்று ஒவ்வொன்றையும் கேட்டேன். மொத்தம் பதினோரு ஒயர், மூன்று சுவிட்ச். ஏழுமலை சலிக்காமல் பதில் சொன்னார். ஏழாவது ஒயரில் மட்டும், "பெரியவரே, எங்க சூப்ரவைசர்கூட இவ்ளோ கேட்டதில்ல" என்றார்.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டதும் ஸ்பேனரால் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். அப்படியே வந்து இலை முன் உட்கார்ந்தார்.

"அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாமே, தொலைந்துவிட்டால்?" என்றேன்.

"தொலையாதுங்க. மைன்ஸ்ல இதான் வழக்கம். யாரு லைன்ல கை வெக்கறானோ, ஃபியூஸ் அவன் பாக்கெட்ல இருக்கணும். அவன்தான் திரும்பப் போடணும். வேற ஒருத்தன் போட்டான்னா, கம்பியப் புடிச்சிக்கினு இருக்கறவன் கதி இன்னா ஆவறது?"

"இங்கே யார் போடப் போகிறார்கள்?"

"நீங்கதான். காலைலேந்து ரெண்டு தபா சுவிட்சுகிட்ட கை போச்சு. பாத்துக்கினுதான் இருந்தேன்."

சரோஜா சிரித்ததில் சாம்பார் கரண்டியிலிருந்து கொட்டியது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எல்லாம் ஓடிற்று. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. சரோஜா கேரவனுக்குள் போய் மூடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் படுத்துப் பார்த்தாள். வெளியே வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்ப் புளியோதரைக்கு அரிசி களைந்தாள். இரண்டு நாளைக்குப் போதுமான அளவு என்று பார்த்தாலே தெரிந்தது.

ஏழுமலைக்கு ஒரு வேலைதான் பாக்கி. கட்டிலுக்கு அடியில் ஒயர்கள் ஆடாமல் இருக்க கிளிப் அடிக்க வேண்டும். குனிந்து அடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு போன் வந்தது. செகண்ட் ஷிப்டுக்கு ஒருவர் வரவில்லை, உடனே வா என்று. கூப்பிட்டபோது போகாவிட்டால் கான்ட்ராக்ட்காரனை மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. கடைசி கிளிப்பை அடித்துவிட்டு, நான் கொடுத்த பணத்தை எண்ணாமலே வாங்கிக்கொண்டு, "அக்கா, ஜோதில எனக்கும் ஒரு கும்புடு போடுங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

மூன்று மணிக்கு நாங்கள் கிளம்பத் தயாரானோம். சரோஜா பச்சைப் புடவை கட்டி, நீலப் பையை மடியில் வைத்து, ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். புறப்படுமுன் ஒருமுறை விளக்கைப் போட்டுப் பார்ப்போம் என்று சுவிட்சைத் தட்டினேன். எரியவில்லை. விசிறியும் ஓடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்த பதினோரு ஒயரையும் வரிசையாகத் தடவிக்கொண்டு போனேன். முதல் ஒயரிலேயே விடை இருந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு போல்ட் மட்டும் நின்றன.

"பாக்கெட்லயே எடுத்துட்டுப் போயிட்டாருடா!" என்றாள் சரோஜா தம்பியிடம்.

போன் அடித்தால் எடுக்கவில்லை. கீழே சுரங்கத்தில் எடுக்காது. பாய் கடைக்குப் போன் செய்தோம். அடுத்த சரக்கு நாளைதான் வருமாம். "தடிமனா ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிவிடு மாப்பிள்ளை" என்றேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஃபியூஸ் என்பது அப்படித்தான் இருக்கிறது.

மனோகர் என்னை முறைத்தான். வீட்டில் ஐந்து விசிறியை வீணாக ஓட விடுகிறவன், இதில் அசையவில்லை. "அக்கா தூங்கற எடத்துலயா கம்பி சுத்தச் சொல்றீங்க? அதுவுமில்லாம அவரு கழட்டிருக்காரு அத்தான். அவரு சொல்லாம நான் கை வெக்க மாட்டேன்."

"இது என்ன சுரங்கமா? இரண்டு சக்கரம் வைத்த பெட்டி!" என்று கத்தினேன்.

சரோஜா ஜீப்பிலிருந்து இறங்க ஆரம்பித்தாள். புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். "விடுங்க. எனக்காக நீங்க ரெண்டு பேரும் சண்ட போட வேணாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அவள் அடுத்த வருஷம் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"ஏறுக்கா" என்றான் மனோகர். கேரவனையும் இழுத்துக்கொண்டு நேராகச் சுரங்கத்தின் வாசலுக்கு விட்டான். வடலூர்ச் சாலையை ஆறு மணிக்கு அடைப்பார்கள். மணி மூன்றே முக்கால்.

வாசலில் காவலர் கேரவனைப் பார்த்துவிட்டு, "என்ன சார், குடும்பத்தோட ஷிப்டுக்கா?" என்றார். மனோகர் அவருடைய மேசைப் போனிலிருந்து கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டான். அவர்கள் வாக்கி-டாக்கியில் யாரையோ கூப்பிட்டார்கள். கால் மணி கழித்து அந்தப் போன் அடித்தது. பின்னால் ஏதோ பெரிய இயந்திரத்தின் இரைச்சல், அதற்கு நடுவே ஏழுமலையின் குரல்.

"ஐயோ சார், பாக்கெட்லதான் கீது! நான் மேல வரமுடியாது, கரி போற பெல்ட்டு நின்னுக்கினு கீது. தண்ணி லாரி மேல வருது, அதுல குடுத்தனுப்பறேன். ஆனா நீங்க போடக்கூடாது சார். பெரியவர்கிட்டதான் குடுக்கணும். அவருதான் ரெண்டு நாளா பக்கத்துலயே குந்திக்கினு ஒவ்வொரு ஒயரா எண்ணினாரு. எது எங்க போவுதுன்னு அவருக்குத்தான் தெரியும்."

மனோகர் போனை என்னிடம் நீட்டினான். முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது.

புழுதி பறக்காமலிருக்கச் சாலைக்குத் தண்ணீர் அடிக்கும் லாரி மேலே வர இன்னும் முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஓட்டுநர் இறங்கி வந்தார். கையில் துணியில் சுற்றிய சின்னப் பொட்டலம்.

"யாருங்க வாங்கிக்கறது?"

"நான்."

"பேரு?"

"சிதம்பரநாதன்."

"அப்பா பேரு?"

அதையும் சொன்னேன். எழுபத்தொரு வயதில் ஒரு தகட்டுக்காக அப்பா பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டுநர் கொடுத்துவிட்டு நகரவில்லை. நான் போடுவதைப் பார்க்க நின்றார். காவலரும் வந்தார். ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆறேழு பேரும் வந்து கேரவன் கதவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ஏழுமலை மறுபடி போனில் வந்தார். போன் ஒயர் கேரவன்வரை வராது. அவர் கேட்பதைக் காவலர் அங்கிருந்து கத்திச் சொன்னார், நான் உள்ளிருந்து பதில் கத்தினேன்.

"மூணு சுவிட்சும் ஆஃப்லயான்னு கேக்கறாரு!"

"ஒன்று, இரண்டு, மூன்று. ஆஃப்!"

"உள்ள யார்னா கை வெச்சிக்கினு இருக்காங்களா?"

"இல்லை!"

"அக்கா எங்கன்னு கேக்கறாரு!"

"இங்கதான் ஜீப்புல இருக்கேன்!" என்று சரோஜாவே கத்தினாள்.

காவலர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சரி, போடச் சொல்றாரு. இப்ப அது உங்க பேர்ல குடுத்தாச்சாம்."

இரண்டு போல்ட். ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது, தேடி எடுத்தேன். முடுக்கினேன். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர் கை தட்டினார். சரோஜா தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்து, "கிளம்புடா" என்றாள்.

ஐந்தே முக்காலுக்கு வடலூரில் ஒரு வெட்டவெளியில் எங்களை நிறுத்தச் சொன்னார்கள். இருபது அடி தள்ளி ஓர் அன்னதானப் பந்தல். ஜீப்பை நிறுத்திவிட்டுக் கேரவனின் பக்கவாட்டுக் கதவை மனோகர் மேலே தூக்கினான். அடுப்பும் பாத்திரமும் தெரிந்தன. நான் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முன்னால் ஒரு வரிசை நின்றது. கையில் தட்டு, வாழையிலை, டம்ளர். எண்ணினேன், முப்பத்தொரு பேர்.

முதலில் நின்ற பெண்மணி மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்தவர். "சாப்பாடு எப்பங்க குடுப்பீங்க?" என்றார்.

"அம்மா, இது அன்னதான வண்டி இல்லை" என்று நான் ஆரம்பிப்பதற்குள் சரோஜா புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்துவிட்டாள். முப்பத்தொரு பேருக்கும் வந்தது. கடைசி ஆளுக்குப் பாத்திரத்தின் அடியைச் சுரண்ட வேண்டியிருந்தது. பிறகு சுக்குக் காப்பி போட்டாள். இரண்டு நாள் சாப்பாடு இருபது நிமிடத்தில் தீர்ந்துபோனதால், நாங்கள் மூவரும் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பந்தலில் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நூற்று நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். சாம்பார் சாதமும் பூசணிப் பொரியலும் கிடைத்தன. சரோஜா மறுபடி வாங்கிச் சாப்பிட்டாள்.

இரவு நான் தூங்கினேனா என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. மனோகர் ஜீப்பில் படுத்துக் குறட்டை விட்டான். விடியுமுன் எழுந்தபோது இயந்திரம் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி மீட்டர் அறுபத்தொரு சதவிகிதம் காட்டியது. என் கணக்கைவிட ஒரு சதவிகிதம் அதிகம். சரோஜா எழுந்து மூடியைக் கழற்றினாள். கன்னத்தில் பட்டை பதிந்திருந்தது.

"நடுவுல ஒரு தடவகூட முழிக்கலங்க" என்றாள். மூடியை நீலப் பைக்குள் வைத்துவிட்டு, "அடுத்து எங்க?" என்று கேட்டாள்.

ஜோதிக்கு முன் ஏழு திரைகள் விலகும் என்றார்கள். எனக்கு ஆறுதான் தெரிந்தது. ஒருவர் தோளில் இருந்த குழந்தை மறைத்துவிட்டது. ஏழும் பார்த்தேன் என்று சரோஜா சாதித்தாள். நெய்வேலி திரும்பும்வரை அதைப் பற்றித்தான் சண்டை. ஏழுமலைக்கான கும்பிடைப் போட்டாயா என்று கேட்டேன். அவருடையதைத்தான் முதலில் போட்டாளாம், பெர்மனென்ட் ஆக வேண்டும் என்று.

குவார்ட்டர்ஸில் மனோகர் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு கேரவனின் சேற்றைக் கழுவ வந்தான். தண்ணீரும் பேட்டரியும்! நான் உள்ளே போய் மூன்று சுவிட்சையும் அணைத்து, செய்ய வேண்டியதைச் செய்த பிறகுதான் கழுவ விட்டேன். அன்று இரவே ஊருக்குப் பேருந்து. மனோகர் ஒரு கிலோ உடைத்த முந்திரி கொடுத்தனுப்பினான். மொத்தச் செலவு முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. வரம்புக்குள் முடித்துவிட்டேன் என்று வழியெல்லாம் சரோஜாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மனோகர் கூப்பிட்டான். "அத்தான், வண்டில லைட்டே எரியல. ஏழுமலை வந்திருக்காரு, பாருங்க" என்றான். போன் கை மாறியது.

"பெரியவரே, நல்லா இருக்கீங்களா? பாய் கடைல புதுசு வந்திருச்சி. ஆனா லைனு உங்க பேர்ல கீது. நீங்க குடுக்காம நான் போடமாட்டேன். பாக்கெட்ட ஒரு தபா பாருங்க."

கொடியில் சரோஜா என் வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டிருந்தாள். பையின் பொத்தான் போட்டபடியே இருந்தது. உள்ளே ஈரமாக, பளபளவென்று, நூறு ஆம்பியர். துவைத்தவள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடிக்கிறேனா என்று காத்திருந்திருக்கிறாள்.

கூரியர் கட்டணம் அறுபத்தைந்து ரூபாய். ஆக மொத்தம் நாற்பதாயிரத்துப் பதினைந்து.